டம்ளரில் இறங்கிய விரதம்

கொச்சியின் பழைய வீட்டுப் புழக்கடைகளில் இரும்பன் புளி மரம் சாதாரணம். அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும். விரல் நீளம், வெளிர்ப் பச்சை நிறம், கடித்தால் பல் கூசும் புளிப்பு. பிலிம்பி என்றும் பெயர் உண்டு. மீன் குழம்பில் குடம்புளிக்குப் பதிலாக நாலு காயை அரிந்து போடுவார்கள். இறாலுக்கு, அதாவது மலையாளத்தில் செம்மீனுக்கு, வெகு பொருத்தம் என்பதால் செம்மீன் புளி என்றே சிலர் அழைப்பார்கள். உப்பிலிட்டு ஊறுகாயும் போடுவார்கள். துணியில் துருக்கறை பட்டால் இதன் சாற்றைத் தேய்ப்பதும் உண்டு.

குழம்பில் கிடந்தவரை அது வெறும் புளிதான். டம்ளருக்கு வந்தபோது கதை மாறியது.

இரும்பன் புளிச் சாறு குடித்தால் கொலஸ்டிரால் குறையும் என்ற பேச்சு கேரளத்தில் பரவியது. காயைப் பறித்து, அரைத்து, பிழிந்து, திடமான சாறாகப் பலர் குடித்தார்கள். 2013-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் நெஃப்ராலஜி’ என்ற மருத்துவ ஏட்டில் கேரளச் சிறுநீரக மருத்துவர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. கேரளத்தின் 5 மருத்துவமனைகளில், இந்தச் சாற்றைக் குடித்தபின் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்து சேர்க்கப்பட்ட 10 பேரைப் பற்றியது அது. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மற்ற 3 பேர் டயாலிசிஸ் இல்லாமல், மருத்துவக் கவனிப்பிலேயே தேறினார்கள். இந்தக் காயால் இப்படி நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் அதற்கு முன் பதிவு இல்லை என்று அந்தக் கட்டுரை குறிப்பிட்டது.

காரணம் காயின் புளிப்பிலேயே இருக்கிறது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். குழம்பில் நாலு காய் போட்டால் அது குடும்பம் முழுவதற்கும் பங்காகிறது. மீனும் சோறும் கூடச் சேர்கின்றன. பிழிந்த சாற்றில் அப்படியில்லை. ஏராளமான காயின் அமிலம் ஒரே ஆளின் வெறும் வயிற்றில் ஒரே நேரத்தில் இறங்குகிறது. ரத்தத்தில் கலந்த ஆக்சலேட் சிறுநீரகத்தை அடைந்து, அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அந்தப் படிகங்கள் மணல் போல அடைத்துக்கொள்கின்றன. உடம்பைச் சுத்தம் செய்யும் என்று நம்பிக் குடித்த சாறு, உடம்பைச் சுத்தம் செய்யும் உறுப்பையே அடைத்துவிடுகிறது.

இப்போது ஜூஸ் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களிலும் அடிபடுகிற பெயர் ‘ஜூஸ் கிளென்ஸ்’. 3 நாள் அல்லது 5 நாள் திட உணவே கிடையாது. நாளைக்கு ஐந்தாறு டம்ளர் பழச்சாறும் காய்ச்சாறும் மட்டும். உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறும், எடை இறங்கும், அதன்பின் நல்ல சாப்பாட்டுப் பழக்கம் தானே வரும் என்பது வாக்குறுதி. குடிப்பவர் எல்லோருக்கும் இரும்பன் புளிக் கதை நேர்ந்துவிடாது. ஆரோக்கியமானவர் 3 நாள் ஆரஞ்சும் தர்பூசணியும் குடித்தால் பெரும்பாலும் பசி, தலைவலி, எரிச்சலோடு போய்விடும். என்றாலும் மூன்று வாக்குறுதிகளையும் தனித்தனியே உரசிப் பார்ப்பது நல்லது.

முதலில் நச்சு. எந்த நச்சு என்று கேட்டால் பதில் வருவதில்லை. 2009-இல் பிரிட்டனில் ‘சென்ஸ் அபௌட் சயன்ஸ்’ அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள், ‘டீடாக்ஸ்’ என்று விளம்பரப்படுத்தி விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விற்பவர்களிடமே விசாரித்தார்கள். இரண்டு கம்பெனிகள்கூட ஒரே விளக்கத்தைத் தரவில்லை. உடம்பின் சுத்திகரிப்பு வேலையோ நாள் தவறாமல் நடக்கிறது. ஈரல் வேண்டாதவற்றை உருமாற்றித் தருகிறது. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, உடம்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. இந்த வேலைக்குத் தேவையானது போதிய தண்ணீர், கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம், கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை. ஆரஞ்சுச் சாறு அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்தது எடை. 3 நாளில் இரண்டு கிலோ இறங்கியது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. உடம்பு அவசரத்துக்கென்று ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடு குறைந்தால் முதலில் செலவாவது இதுதான். கூடவே தண்ணீரும் போய்விடுகிறது. குடலில் வழக்கமாக இருக்கும் உணவின் எடையும் குறைகிறது. நாலாம் நாள் சோறு சாப்பிட்டதும் இவையெல்லாம் திரும்பி வந்துவிடும். கொழுப்பில் கரைந்தது கொஞ்சமே. புரதக் கணக்கும் உதைக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும். பழச்சாற்றை எத்தனை டம்ளர் குடித்தாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

சர்க்கரை விஷயம்தான் கேரளத்தில் மிக முக்கியம். ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறுக்கு மூன்று நான்கு பழங்களைப் பிழிய வேண்டும். நாலு பழத்தைத் தோல் உரித்து, சுளை சுளையாகத் தின்ன யாருக்கும் பொறுமை இருக்காது. பாதியிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். சாறாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் உள்ளே போய்விடும். 1977-இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்த ஆராய்ச்சி இதை அளந்தே காட்டியது. 10 பேருக்கு ஒரே அளவு சர்க்கரைச் சத்து வரும்படி ஆப்பிளை முழுதாக ஒரு முறையும், மசித்து ஒரு முறையும், சாறாக ஒரு முறையும் கொடுத்தார்கள். பழத்தைவிடச் சாறு 11 மடங்கு வேகத்தில் உள்ளே போனது. சாறு குடித்தபோது வயிறு நிறைந்த உணர்வு குறைவு. இன்சுலின் ஏற்றமோ அதிகம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரைக்கு வரம்பு விதித்தபோது, டீயில் போடும் சீனியோடு பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை. நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த வரம்பு 50 கிராம்; பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது. கால் லிட்டர் ஆரஞ்சுச் சாற்றிலேயே சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. கடைக்காரர் போடும் சீனி தனி. ஆறு டம்ளர் பழச்சாறு குடிப்பவர் ஒரே நாளில் 100 கிராமைத் தாண்டிவிடுவார். 2013-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஆய்வு அமெரிக்க சுகாதாரத் துறை ஊழியர்கள் 1,87,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். தேசிய சராசரி 11.4. ஆக, எர்ணாகுளத்தில் ஜூஸ் கிளென்ஸைத் தொடங்கும் நாலு பேரில் ஒருவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கலாம். தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். இன்சுலினோ கிளிமிப்ரைட் வகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பாட்டை நிறுத்தி மருந்தை வழக்கம்போல எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பயந்து மருந்தையும் நிறுத்தி இனிப்புச் சாறாகக் குடித்தால் எகிறலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வேறு ஆபத்து. இளநீரிலும் பழச்சாற்றிலும் உள்ள பொட்டாசியத்தை அவர்களால் வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். இரும்பன் புளியின் சொந்தக்கார நட்சத்திரப் பழம் அவர்களுக்கு இன்னும் மோசம். அதில் ‘காரம்பாக்சின்’ என்ற நரம்பு நச்சு இருப்பதை பிரேசில் விஞ்ஞானிகள் 2013-இல் பிரித்துக் காட்டினார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முதியவர்கள் ஆகியோரும் இந்தப் பரீட்சையில் இறங்கக் கூடாது.

பழம் வேண்டாம், காய்ச்சாறு போதும் என்பவர்களுக்கு டெல்லியில் நடந்தது ஒரு பாடம். அங்கே ஒரு தம்பதி வழக்கமாகச் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்துவந்தார்கள். 2010-இல் ஒரு நாள் குடித்தபின் இருவருக்கும் கடுமையான வாந்தியும் பேதியும் கண்டது. கணவர் இறந்துபோனார்; மனைவி பிழைத்தார். சுரைக்காய், வெள்ளரிக் குடும்பத்துக் காய்களில் சில சமயம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுக் கசப்பு ஏறிவிடும். சமையலில் காயை நறுக்கும்போதே நுனியைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்ப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். கசந்தால் குப்பைக்குப் போய்விடும். பாகற்காயோடு சேர்த்து அரைத்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்குக்கு எப்படித் தெரியும்? மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழுவும் இதையே சொன்னது. சாறு பிழியும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் எறிந்துவிடுங்கள். சுரைக்காய்ச் சாற்றோடு வேறு சாறு கலக்காதீர்கள். குடித்தபின் உடம்பு படுத்தினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கீரைச் சாறும் விதிவிலக்கல்ல. ‘கிரீன் ஸ்மூத்தி கிளென்ஸ்’ என்று பச்சைக் கீரைகளை அரைத்துக் குடித்துவந்த 65 வயதுப் பெண்ணுக்கு ஆக்சலேட் படிகங்களால் சிறுநீரகம் பழுதான விவரத்தை அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்று 2018-இல் வெளியிட்டது. முன்பே இரைப்பையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சையும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் அவருக்கு ஆபத்தைக் கூட்டியிருந்தன. வேகவைத்து நீரை வடித்தால் கீரையின் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். கூடவே தயிரோ மோரோ சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். கீரையை வேகவைத்துக் கடைந்து, மோர் சோற்றோடு சாப்பிட்டவர்களுக்கு இந்த ரசாயனம் தெரியாது. பலன் கிடைத்தது.

இந்த மோகம் வந்த வழி சுவாரசியமானது. 1940-களில் ஸ்டான்லி பரோஸ் என்ற அமெரிக்கர் எலுமிச்சைச் சாறு, மேப்பிள் பாகு, மிளகாய்த் தூள் கலந்த நீரை மட்டும் குடித்துப் பத்து நாள் இருக்கும் முறையைச் சொன்னார். 1976-இல் அது புத்தகமானது. 2006-இல் ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ படத்துக்காக எடை குறைக்க இதைக் கடைப்பிடித்ததாகப் பாடகி பியான்ஸே சொன்னதும் உலகமெங்கும் பேச்சாகிவிட்டது. இந்தியாவிலோ ஜூஸுக்கு வேறு இடம் இருந்தது. 1932 செப்டம்பர் 26 அன்று எரவாடா சிறையில் காந்தி தன் உண்ணாவிரதத்தை ஆரஞ்சுச் சாறு குடித்து முடித்தார். இன்றுவரை தலைவர்களின் உண்ணாவிரதப் பந்தலில் கடைசிக் காட்சி ஒரு டம்ளர் சாறுதான். இங்கே ஜூஸ் விரதத்தை முடித்துவைக்கும் பொருள். புதிய மோகத்தில் அதுவே விரதமாகிவிட்டது.

வயிற்றுக்கு ஓய்வு தருவது எப்படி என்று மட்டாஞ்சேரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குஜராத்தி சாலைப் பக்கத்து ஜைனர்கள் பர்யூஷண் நாள்களில் காய்ச்சி ஆறிய நீரை மட்டும் குடித்து, அதுவும் பொழுது சாய்வதற்குள், உபவாசம் இருக்கிறார்கள். கொங்கணிக் குடும்பங்களில் ஏகாதசிக்கு அரிசியைத் தொடாதவர்கள் உண்டு. கச்சி மேமன்களும் மற்ற முஸ்லிம்களும் ரமலான் மாதம் முழுக்கப் பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முன் 50 நாள் நோன்பில் மீனும் இறைச்சியும் விலக்கு. தமிழ் வீடுகளில் சஷ்டியும் கிருத்திகையும். கடவுளும் காரணமும் வேறு வேறு. பொதுவான அம்சம் ஒன்று உண்டு. எது விலக்கு, எவ்வளவு நாள், யார் இருக்க வேண்டாம், எப்படி முடிப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் விலக்கு தரும் வழக்கம் அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டிலில் வரும் விரதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

உடல்நலத்துக்கென்றே கேரளம் ஒதுக்கிய காலம் கர்க்கடக மாதம், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அடைமழை, வேலை குறைவு, ஜீரணம் மந்தம். அப்போது வீடுகளில் செய்வது கர்க்கடகக் கஞ்சி. ஞவரா அரிசி, வெந்தயம், சீரகம், மூலிகைகள் சேர்த்து வேகவைத்த சூடான கஞ்சி. கூடவே பத்து வகை இலைகளை வதக்கிய ‘பத்திலத் தோரன்’. சேம்பு, சேனை, பூசணி, பயறு, கீரை என்று வேலியோரத்தில் முளைத்ததெல்லாம் அதில் சேரும். கஞ்சியின் மருத்துவ குணங்களைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டவை அல்ல. ஆனால் முறையைப் பாருங்கள். தானியம் இருக்கிறது, நார் இருக்கிறது, கீரை வெந்திருக்கிறது, மென்று சாப்பிட வேண்டியிருக்கிறது, வீடு முழுக்க ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகிறது. 3 நாளில் முடிந்துபோவதில்லை. ஒரு பழக்கமாகும் அளவுக்கு நாள் இருக்கிறது.

ஜூஸ் கிளென்ஸுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டு ஒன்று உண்டு. அந்த 3 நாளும் பழம்பொரியும் பரோட்டாவும் மதுவும் நாலு டீயும் நின்றுபோகின்றன. ‘லேசாக இருக்கிறது’ என்ற உணர்வுக்குக் காரணம் பெரும்பாலும் நிறுத்தியவைதான், குடித்தவை அல்ல. புதிதாகத் தொடங்க வேண்டும் என்ற ஆசையும் மதிக்க வேண்டியது. ஆனால் நாலாம் நாள் காலையில் என்ன சாப்பிடுவது என்பதை டம்ளர் கற்றுத்தருவதில்லை. மென்று தின்னாத 3 நாளில் தட்டைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது?

தொடக்கம் வேண்டுமென்றால் அது தட்டிலேயே இருக்கட்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரிக்கான கணக்கு இருக்கிறது. காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, தானியம் 250 கிராம். கேரளச் சாப்பாட்டிலும் சரி, தமிழ்ச் சாப்பாட்டிலும் சரி, சோற்றின் குவியலையும் பொரியலின் ஓரத்தையும் இடம் மாற்றினால் இதில் பாதி வேலை முடிந்துவிடும். முதல் வாரம் டீயில் சீனியைப் பாதியாக்கலாம். இரண்டாம் வாரம் மத்தியானத் தட்டில் பாதியைக் காய்க்குக் கொடுக்கலாம். மூன்றாம் வாரம் மாலைப் பலகாரத்துக்குப் பதில் வேகவைத்த பயறோ சுண்டலோ வைக்கலாம். நாலாம் வாரம் இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியேட்டினின் மூன்றையும் முதலிலேயே ஒரு முறை சோதித்துக்கொண்டால் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது தெரியும்.

ஆரஞ்சு வாங்கினால் உரித்துச் சாப்பிடுங்கள். சுரைக்காயைக் கூட்டு வையுங்கள். இரும்பன் புளியை மீன் குழம்பில் போடுங்கள், மிஞ்சினால் உப்பிலிடுங்கள்.